விடுமுறையும் மண்வெட்டியும்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நம் சங்கத்து நண்பர்களை நிறுத்தி, "போய் என்ன செய்வதாக உத்தேசம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றே விடைகள் கிடைக்கும். ஒருவர் தூங்கப் போகிறேன் என்பார். இன்னொருவர் ஏதோ ஒரு கம்பெனியில் பயிற்சி வேலை என்பார். அதையும் வீட்டில் இருந்தபடியே கணினியில் முடித்துவிடலாமாம். மூன்றாமவர் அம்மா கையால் சாப்பிடப் போகிறேன் என்பார். மூன்றும் நல்ல காரியங்களே. மாதக்கணக்கில் விடுதிச் சப்பாத்தியை மென்றவன் அம்மா வைக்கும் குழம்பை நினைத்து உருகுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மூன்றிலும் நாம் படுத்திருக்கிறோம், அல்லது உட்கார்ந்திருக்கிறோம். வீட்டிலுள்ள மற்றவர்கள் நம்மைச் சுற்றி நடமாடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது நான்காவது காரியம் ஒன்றை. விடுமுறையில் வரும் சனி, ஞாயிறுகளில் வீட்டார் அனைவருமாகத் தோட்டத்தில் இறங்கி வேலை செய்வது. இதைவிட இன்பமான கோடைப் பொழுதுபோக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உதகமண்டலம் போய் வருவதையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

தோட்டம் என்றதும் பங்களா வாசலில் கத்தரித்து விட்ட புல்வெளியையும் ரோஜாத் தொட்டிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவே கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தைத்தான் குறிப்பிடுகிறேன். தஞ்சைப் பக்கத்து நண்பர் அதைக் கொல்லை என்பார். கோவைக்காரர் பொடக்காலி என்பார். எங்கள் நெல்லைச் சீமையில் அது புறவாசல். (எங்கள் தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. இருந்தும் ஊரார் இன்னும் நெல்லைக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள், பழக்க தோஷம்.) பெயர் எதுவானாலும் அங்கே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பாத்திரம் தேய்த்த தண்ணீர் போய்ச் சேரும் வாழைக் கூட்டம், துணி காயும் கயிறு, மூலையில் தான் நட்டதாக யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பப்பாளி.

"கத்திரி வெயிலிலா தோட்ட வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை அக்கினி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் சொல்லும் நாட்களில், நடுப்பகலில் மண்வெட்டி பிடிப்பவனை வீரன் என்று நான் சொல்ல மாட்டேன். கோடைத் தோட்டத்துக்கு இரண்டு வேளை உண்டு. விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு, எட்டரை வரை ஒன்று. மாலை ஐந்துக்கு மேல் இருட்டும் வரை மற்றொன்று. இடையிலே எட்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது. அதில் தாராளமாகத் தூங்கலாம். முதலில் சொன்ன நண்பரின் திட்டத்துக்கும் பங்கம் இல்லை.

மே மாதத்தில் நடக்கும் வேலை பெரும்பாலும் ஏற்பாட்டு வேலைதான். தென்னைக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி வெயிலில் ஆறப்போட வேண்டும். வாழைக்கு ஒன்றரை அடிக் குழி போதும். போன வருஷத்துக் குப்பைக் குழியைக் கிளறி, மக்கியதை மேலே கொண்டுவர வேண்டும். மரத்தடியில் சருகையும் தேங்காய் உரித்த மட்டையையும் பரப்பி மூடாக்குப் போட வேண்டும். இந்த மட்டையை எங்கள் பக்கத்தில் கதம்பை என்போம். குழிக்குள் போடும்போது அதன் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லித் தந்தது புத்தகமன்று; எண்பது வயதைத் தாண்டிய எங்கள் ஆச்சி.

ஆச்சிக்கு இப்போது குனிய முடியாது. வேப்ப மரத்தடியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே சேனாதிபத்தியம் செலுத்துவார். நான் பாகற்கொடிப் பந்தலுக்குக் கால் ஊன்ற ஓர் இடத்தில் கடப்பாரையை வைத்தேனோ இல்லையோ, குரல் வந்துவிடும்.

"ஏய்யா, அங்க வைக்காத. சாயங்கால வெயிலு அந்த மூலையிலதான் விழும். கொடி கருகிப் போகும்."

"நீ சும்மா இரும்மா. அவன் அளந்து பாத்துதான் வைக்கான்" என்பார் அப்பா.

"அளந்து பாத்தா கொடி காய்க்குமா?"

இதற்கு எந்தப் பொறியியல் கல்லூரியும் இதுவரை பதில் சொல்லவில்லை. பந்தல் ஆச்சி சொன்ன இடத்திலேதான் நின்றது.

இப்படி வழக்காடிக்கொண்டே வேலை செய்வதில் உள்ள சுகம் தனி. வீட்டுக்குள்ளே நடக்கும் வழக்குகளில் யாராவது ஒருவர் மனம் புண்பட வேண்டியிருக்கிறது. தோட்டத்து வழக்கில் அப்படியில்லை. புடலைக்கு எவ்வளவு பெரிய கல்லைக் கட்டித் தொங்கவிடுவது, முருங்கைக் கொம்பை எத்தனை அடி நீளத்துக்கு வெட்டுவது, கறிவேப்பிலைக்குப் புளித்த மோரை ஊற்றலாமா, அரிசி களைந்த தண்ணீரே போதுமா என்று ஒரு காலைப் பொழுது முழுவதும் சண்டை போடலாம். ஒருவருக்கும் கோபம் வராது. என் தங்கை நட்ட முருங்கைக் கொம்பின் உச்சியில், வெட்டுவாய் காய்ந்து போகாதிருக்க, அம்மா ஒரு பிடி சாணியை உருட்டி அப்பினார். "கொம்புக்குத் தொப்பி போட்டாச்சு" என்று தங்கை சொன்னதற்கு ஆச்சி உட்பட அனைவரும் சிரித்தோம். எழுதிப் பார்த்தால் இது சிரிப்பதற்குரிய வேடிக்கையாகத் தோன்றவில்லை. அந்தக் காலை ஏழு மணிக்கு, கை நிறைய மண்ணோடு நிற்கும்போது தோன்றியது.

மாலை நேரத்துக்கு வேறு அழகு உண்டு. பூசணிப் பூ விடியலில் மலர்ந்து வெயில் ஏற ஏற வாடிவிடும். பீர்க்கம்பூவோ மாலையில்தான் மலரும். அதன் மஞ்சள் நிறம் இருட்டிய பிறகும் சற்று நேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். புடலம்பூ இன்னும் நாழி கழித்து, ஓரமெல்லாம் வெள்ளை நூல் பிரிந்தது போல விரியும். பொழுது தெரியாத மழைக்கால நாளில் பிச்சியரும்பு மலர்வதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து பெண்கள் விளக்கேற்றியதாக நெடுநல்வாடையில் வருகிறது. சங்க இலக்கிய வகுப்பில் அதைக் கற்பனை நயம் என்று சொல்லிக் கேட்டிருப்போம். ஒரு மாலை பீர்க்கம்பந்தலின் அடியில் நின்று பாருங்கள். அது கற்பனை அன்று, கடிகாரம் என்பது விளங்கும்.

தாவரவியல் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பாகல், சுரை, புடல் முதலிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்றும், ஆண் பூவே முதலில் வரும் என்றும் நாம் படித்துத் தேர்வில் எழுதுகிறோம். அம்மாவிடம் போய் இதைச் சொன்னால், "பிஞ்சோட வர்ற பூ, வெறும் பூ, அதத்தான சொல்லுத? மொத பத்து நாளைக்கு வெறும் பூதான் வரும்" என்று கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொல்லிவிடுவார். நாம் நான்கு பக்கத்தில் எழுதியது அவர் வாயில் இரண்டு வாக்கியம். நம் படிப்பு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. காயே பிடிக்காத கொடியில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் மேல் காலையில் தொட்டுவைத்தால் காய் பிடிக்கும் என்று தங்கை செய்து காட்டியபோது அம்மா அதிசயித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருக்கக்கூடிய இடம் வீட்டிலே வேறு எங்கே இருக்கிறது?

விஞ்ஞானிகளின் வரலாற்றிலே எனக்கு மிகவும் பிடித்த குடும்பத் தோட்டம் சார்லஸ் டார்வினுடையது. 1842-இல் அவர் இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்து டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். தோட்டத்து வேலிகளை ஒட்டி ஆண் வண்டுத்தேனீக்கள் நாள்தோறும் ஒரே தடத்தில் பறப்பதைக் கண்டார். தனி ஒருவராக அந்தத் தடத்தைப் பின்தொடர முடியவில்லை. தம் பிள்ளைகளை ஆங்காங்கே காவல் நிறுத்தி, வண்டு வரும்போது கூவச் செய்தார். முதுமையில் மண்புழு ஆராய்ச்சியில் இறங்கியபோது குடும்பமே சேர்ந்துகொண்டது. புழுக்களுக்குக் காது கேட்குமா என்று அறிய மகன் பிரான்சிஸ் பசூன் என்னும் பெரிய குழலை ஊதினார். மனைவி எம்மா பியானோ வாசித்தார். சிறு பேரன் ஊதலை ஊதினான். புழுக்கள் எதையும் சட்டை செய்யவில்லை. 1881-இல் வெளிவந்த மண்புழு நூலில் டார்வின் இதைக் கருமமே கண்ணாக எழுதிவைத்திருக்கிறார். அந்த வீட்டில் ஆராய்ச்சி நடந்ததா, விளையாட்டு நடந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளைகளாலும் முடிந்திராது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வடக்கே படிக்கும் நாம் ஊருக்குப் போகும்போது விருந்தாளியாகப் போகிறோம். ரயிலை விட்டு இறங்கும்போதே பையை நம் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல தட்டு நமக்கு. மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடம் நமக்கு. "களைத்து வந்திருக்கிறான்" என்று வீடே மெல்லப் பேசுகிறது. முதல் இரண்டு நாட்கள் இது இன்பமாகத்தான் இருக்கிறது. ஒரு வாரம் கழிந்தும் விருந்தாளியாகவே இருந்தால், ஏதோ ஒன்று நம்மை விட்டுப் போய்விட்டதாக உள்ளூர உறுத்தும். வீட்டின் கஷ்ட நஷ்டங்கள் விருந்தாளிக்குச் சொல்லப்படுவதில்லை அல்லவா?

தொலைபேசியிலும் அப்படித்தான். நம்மில் பலருக்கும் தந்தையோடு நடக்கும் சம்பாஷணை என்ன? "சாப்ட்டியா? மழை உண்டா அங்க? சரி, அம்மாட்ட குடுக்கேன்." அவ்வளவுதான். பாசம் இல்லாமலா? பாசம் மலையளவு இருக்கிறது. அதைச் சொல்லும் பழக்கம்தான் நம் வீட்டு ஆண்களுக்கு இல்லை. நேரில் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் நடுவே தொலைக்காட்சி பேசுகிறது, இல்லாவிட்டால் கைப்பேசி.

சென்ற ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் அப்பாவுமாகத் தென்னைக்குக் குழி வெட்டினோம். எங்களூர் செவல் மண் மே மாதத்தில் கல்லாகக் கிடக்கும். முதல் அடியை அப்பா வெட்டினார். இரண்டாவது அடி தொடங்கியபோது ஒன்றும் சொல்லாமல் கடப்பாரையை என்னிடம் நீட்டினார். வலது தோளை ஒரு மட்டத்துக்கு மேல் அவரால் தூக்க முடியவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். பிறகு கீரைப் பாத்தியில் விதை தூவப் போனவர், விதைப் பொட்டலத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். மணலோடு கலந்த கீரை விதை கையிலிருந்து எவ்வளவு விழுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மாலையில் பந்தலுக்குக் கயிறு கட்டும்போது, முகத்தைக் கயிற்றின் பக்கமே வைத்துக்கொண்டு, "கண்ணுக்கு ஒரு தடவ மதுரைக்குப் போயி காமிச்சிட்டு வந்தேன். சர்க்கரையால வந்ததுங்காங்க. உனக்குப் பரீட்ச நேரம், சொல்ல வேண்டாம்னு அம்மாட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே முக்கியமில்லை. கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பேச்சு வந்தது என்பதே முக்கியம். ஒரே வேலையின் இரு முனைகளையும் இருவர் பிடித்திருக்கும்போது, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. முடிச்சுப் போடும் நேரத்தை மௌனத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கடுத்த ஞாயிறுகளில் மருந்து, செலவு, தங்கையின் படிப்பு எல்லாம் மெல்ல மெல்ல அந்தப் பந்தலடியில் பேசப்பட்டன. இப்போது மாத்திரைக் கணக்கைத் தொலைபேசியில் நான் கேட்கிறேன். அவரும் சொல்லுகிறார், பாதி உண்மையாகவாவது.

தோட்டத்தில் இறங்கப் போனால் முதல் தடை வீட்டிலிருந்தே வரும் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். "படிக்கிற பிள்ள, கை கொப்பளிச்சிரும், உள்ள போ" என்பார் அம்மா. "மம்பட்டி பிடிக்காம இருக்கணும்னுதான உன்னப் படிக்க வச்சோம்" என்று சில வீடுகளில் சொல்லுவார்கள். இந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. சொந்த நிலமின்றிப் பிறர் வயலில் கூலிக்கு வெட்டிய குடும்பங்களுக்கு மண்வெட்டி பொழுதுபோக்குக் கருவி அன்று. அது முதுகில் ஏறிய சுமை. அதோடு சேர்ந்து கேட்ட ஏச்சுப் பேச்சுகளும் மறக்கக்கூடியவை அல்ல. பிள்ளையின் கையில் அதைப் பார்க்க அவர்கள் மனம் ஒப்பாவிட்டால் அதற்கு நியாயம் உண்டு. அந்த வீடுகளில் பூச்செடித் தொட்டி ஒன்றை வைத்துத் தொடங்குங்கள் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் துணிய மாட்டேன்.

ஆனால் அப்படிப்பட்ட நினைவு எதுவும் இல்லாமல், படித்தவன் மண்ணைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று மட்டும் நினைக்கும் வீடுகள் ஏராளம். அங்கே இரண்டு தொட்டி மண்ணை மாற்றவும் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஆள் வெயிலில் நிற்கும்போது நாம் ஜன்னலருகே அமர்ந்து தொழிலாளர் நலச் சட்டம் படிக்கிறோம். 1910-இல் ஜோஹானஸ்பர்க் அருகே காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றி நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலம்; அதில் ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள். சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்ட குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர் பலர். வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் துப்புரவு வரை, குழி தோண்டுவது முதல் மரங்களைப் பேணுவது வரை எல்லாம் அவர்களே. ஆசிரியர்கள் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. தோட்ட வேலை முடிந்து வகுப்பு நடக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் தமக்குத் தெரிந்த அளவு தமிழையும் சொல்லிக்கொடுத்தார். தமிழர் தம் குழந்தைகளோடும் ஆசிரியரோடும் சேர்ந்து தோட்டத்தில் உழைத்த அந்தக் காட்சி, மேடைகளில் நாம் பேசும் எத்தனையோ பெருமைகளைவிட எனக்குப் பெருமையாகப் படுகிறது.

ஓர் அநீதியையும் சொல்லாமல் விட முடியாது. "குடும்பமாகத் தோட்ட வேலை" என்று ஆண்கள் பேசும்போது பெரும்பாலும் நடப்பது என்ன? ஆண்கள் இரண்டு மணி நேரம் மண்ணைக் கொத்திவிட்டுத் திண்ணையில் சாய்வார்கள். அவர்களுக்கு மோர், பிறகு பலகாரம், பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்று பெண்கள் அடுப்படியில் வேகுவார்கள். வருஷம் முழுவதும் அந்தக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரும் அம்மாதான். அவரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் குடும்ப இன்பம் தேடுவது வெட்கக்கேடு. தோட்டத்து ஞாயிறு என்றால் அன்றைய சமையலும் அனைவருக்கும் பொது. காலைக்கு முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது இருக்கிறது. சின்ன வெங்காயமும் ஊறுகாயும் இருக்கின்றன. மண்ணைக் கொத்திவிட்டு வந்து, கிணற்றடியில் கை கழுவி, வரிசையாக உட்கார்ந்து குடிக்கும் அந்த நீராகாரத்துக்கு எந்த ஓட்டல் பலகாரமும் ஈடாகாது. மத்தியானத்துக்கு ஒரு குழம்பு போதும். அதை நம்மில் ஒருவர் வைக்கலாம். உப்புக் குறைந்தாலும் அன்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தண்ணீர் எங்கே என்று சென்னை நண்பர்கள் கேட்பார்கள். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்டிலே குழாயைத் திறந்துவிட்டுப் புல்வெளி வளர்க்கச் சொன்னால் அது பாவம். நான் சொல்லும் தோட்டம் பாத்திரம் கழுவிய தண்ணீரிலும், அரிசி களைந்த தண்ணீரிலும், குளித்த தண்ணீரிலும் பிழைப்பது. மூடாக்குப் போட்ட பாத்தியில் ஈரம் சீக்கிரம் காயாது. சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைச் செடியருகே புதைத்து நிரப்பிவிட்டால், நீர் சொட்டுச் சொட்டாக வேருக்கே போகும்.

நிலமே இல்லாத அடுக்குமாடி வீட்டாருக்கு மொட்டை மாடி இருக்கிறது. மாடித் தோட்டத்துக்கு வேண்டிய பைகளையும் விதைகளையும் தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்து வந்திருக்கிறது. மாடியும் இல்லையென்றால் ஜன்னலோரத்தில் இரண்டு தொட்டி. ஆனால் தொட்டிக்கு இருவர் கூடி வேலை செய்ய இடம் போதாது. ஆகையால் என் வாதம் அங்கே சற்று நொண்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

லாப நஷ்டக் கணக்குப் பார்ப்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. கயிறு, கம்பு, எரு எல்லாவற்றையும் கணக்கிட்டால் எங்கள் பாகற்காய் சந்தைப் பாகற்காயைவிட விலை கூடுதலாகத்தான் அடக்கமாகும். கிரிக்கெட் பார்க்க டிக்கெட் வாங்குகிறவரை நாம் ரன்னுக்கு எத்தனை ரூபாய் ஆயிற்று என்று கேட்பதில்லை.

கணக்கு வேறோர் இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அண்ணன் கார் வாங்கியிருக்கிறார். தெருவில் நிறுத்த இடமில்லை. புறவாசலில் பாதியைச் சமன் செய்து சிமெண்டுத் தளம் போட்டுவிடலாம் என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. கார் வேண்டியதுதான், அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் அது உதவும். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கும். பல வீடுகளில் தளமே போட்டு முடிந்திருக்கும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மண்ணை முழுவதும் சிமெண்டால் மூடிவிட்டு, பிறகு மழைநீர் இறங்குவதற்கென்று அதே சிமெண்டில் ஒரு துளை போடும் வேடிக்கையை ஊர்தோறும் பார்க்கிறோம்.

நான் அண்ணனிடம் வாதாடவில்லை. இந்த மே மாதத்தில் இரண்டு ஞாயிறுகளுக்கு அவரும் மதினியும் குழந்தையோடு வந்து பந்தல் வேலையில் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். கார் வேப்ப மரத்துக்கு இந்தப் பக்கத்தோடு நிற்குமா என்று அன்று கயிறு பிடித்து அளந்து பார்க்கலாம். ஆச்சியும் அங்கே இருப்பார். அளந்து பார்த்து என்ன ஆகும் என்று அவர் கேட்பார், கேட்கட்டும்.

விடுமுறைக்குள்ளேயே பலன் காண விரும்பும் அவசரக்கார நண்பர்களுக்கு ஒரு யோசனை. பாகல் விதைத்தால் முதல் காய்க்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் நாம் இங்கே திரும்பி வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்போம். காய் வீட்டாருக்கு, படம் மட்டும் நம் கைப்பேசிக்கு. முளைக்கீரை அப்படியன்று. ஊருக்குப் போன முதல் ஞாயிறு தூவினால் நான்காவது ஞாயிறுக்குள் பறித்துக் கடைந்து சாப்பிட்டுவிட்டே ரயில் ஏறலாம். இரண்டையும் போடுங்கள். ஆச்சி சாம்பல் தடவிக் காயவைத்துக் கொடுத்த பாகல் விதை ஒரு டப்பா என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் தேர்வு முடியுமுன் சங்க அறையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நட வேண்டும். குழிக்கு நான்கு விதை.